குரல் நரம்பில் ஒரு கட்டி

வானொலி அறிவிப்பாளருக்குக் குரல்தான் சோறு போடுகிறது. என் கழுத்தின் வலப்பக்கம் தாடைக்குக் கீழே கட்டி தெரிந்ததும், வீட்டில் எல்லாருக்கும் புற்றுநோய் பயம். கிளினிக் டாக்டர் காசநோயால் வரும் நெறிகட்டியாக இருக்குமோ என்று நினைத்தார். இரண்டும் இல்லை.

காது, மூக்கு, தொண்டை நிபுணர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். பக்கவாட்டில் அசைந்தது, மேலும் கீழும் அசையவில்லை. அழுத்தியதும் எனக்கு இருமல் வந்தது. "இது நரம்பிலிருந்து வளர்ந்ததாக இருக்கலாம்" என்றார்.

நரம்பு இழைகளுக்கு உறைபோல் அமைந்தவை ஷ்வான் செல்கள். ஜெர்மானிய அறிவியலாளர் தியோடர் ஷ்வானின் பெயர் கொண்டவை. அவற்றில் உருவாகும் கட்டிதான் ஷ்வானோமா. அரிதானது, மெதுவாக வளர்வது, பெரும்பாலும் புற்றாக மாறாதது.

ஊசிப் பரிசோதனையில் பல நேரம் தெளிவான விடை கிடைப்பதில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் துப்புக் கொடுத்தது. கழுத்தின் பெரிய தமனியையும் சிரையையும் என் கட்டி இரு பக்கமாகப் பிரித்துத் தள்ளியிருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவே இறங்குவது வேகஸ் நரம்பு. குரல் நாண்களை அசைக்கும் கிளைகள் அதிலிருந்துதான் பிரிகின்றன.

தொந்தரவு இல்லாவிட்டால் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும் என்றார்கள். என் கட்டியோ வளர்ந்துகொண்டிருந்தது. அறுவை சிகிச்சையில் இரண்டு வழி. நரம்போடு சேர்த்து வெட்டினால் அந்தப் பக்கக் குரல் நாண் செயலிழக்கும். தண்ணீர் குடித்தாலும் புரையேறலாம். இன்னொன்று, ரம்புத்தான் தோலைக் கீறிச் சுளையை எடுப்பதுபோல, நரம்பு இழைகள் படர்ந்த உறையை நீளவாக்கில் கீறி, உள்ளிருக்கும் கட்டியை மட்டும் எடுப்பது. எனக்கு இரண்டாவது வழி.

அப்படியும் குரல் கரகரத்தது. மூன்று மாதம் மைக் பக்கம் போகாமல் நிகழ்ச்சித் தயாரிப்பில் இருந்தேன். பேச்சுப் பயிற்சியால் குரல் திரும்பியது. உரக்கக் கூப்பிட்டால் மட்டும் இன்றும் கொஞ்சம் உடைகிறது.

கழுத்துக் கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டிருக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். நரம்புக் கட்டி என்றால், கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நரம்பு? அதை வெட்டாமல் கட்டியை எடுக்க முடியுமா? குரல் மாறினால் அடுத்து என்ன சிகிச்சை? இதைக் கேட்க வானொலியில் வேலை பார்க்க வேண்டியதில்லை. பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் எல்லாருக்கும் குரல் வேண்டும்.