சென்ஸ்டர்
எட்வர்ட் இஹ்னாடோவிச் (1926–1988)
இயங்கு சிற்பம், 1970
எஃகுக் குழாய்கள், ஹைட்ராலிக் விசை, மைக்ரோபோன்கள், ரேடார், கணினி

முகமோ தோலோ இல்லாத இந்த எஃகுச் சட்டகத்தைப் பார்வையாளர்கள் உயிருள்ள ஒன்றாகவே நடத்தினார்கள். பிலிப்ஸ் நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்ட இது, 1974 வரை நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், எவோலுவான் கண்காட்சிக் கூடத்தில் இருந்தது. நீளம் 4 மீட்டருக்கும் மேல்.

தலையிலுள்ள மைக்ரோபோன்கள் ஒலி வரும் திசையை அறியும். ரேடார் அசைவை உணரும். மெல்லப் பேசினால் தலை பேசுபவரை நோக்கி நீளும். கத்தினாலோ கையை வேகமாக வீசினாலோ பின்வாங்கும். அடிப்படை விதி இவ்வளவுதான். கூட்டமோ அதில் ஆர்வத்தையும் கூச்சத்தையும், சில வேளை பயத்தையும் கண்டது.

அந்த எண்ணத்தை உண்டாக்கியதில் அசைவின் தன்மைக்கே பெரும்பங்கு. மூட்டுகள் சிங்க இறாலின் கொடுக்கைப் பார்த்து வடிவமைக்கப்பட்டவை. தலை திடுக்கென்று கிளம்பாது, சட்டென்று நிற்காது. வேகம் சீராகக் கூடிச் சீராகக் குறையும். வெட்டி வெட்டி அசைந்திருந்தால் இதைப் பழுதான பாரந்தூக்கி என்றே நினைத்திருப்பார்கள்.

பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்த சட்டகத்தை 2017இல் போலந்தின் கிராகோவ் நகரிலுள்ள ஏஜிஎச் பல்கலைக்கழகம் வாங்கி, பின்னர் சீரமைத்து, மீண்டும் இயக்கியது.