முகப்பரு ஏன் சிவந்து வீங்குகிறது?

நாளைக்கு நேர்முகத் தேர்வு. இன்றைக்குப் பார்த்து மூக்கு நுனியில் செக்கச்செவேல்னு ஒரு பரு!

"எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை" என்பார் அம்மா. "உடம்புச் சூடு" என்பார் பாட்டி. "முகத்தை ஒழுங்கா கழுவு" என்று அறிவுரை சொல்ல அக்கம்பக்கத்திலும் ஆள் இருக்கும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

முடி முளைக்கும் துளைகளை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பதின்ம வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடும்போது (பெண்களுக்கும்தான்) எண்ணெய் அதிகம் சுரக்கும். இறந்த செல்கள் அதோடு ஒட்டிக்கொண்டு துளையை அடைத்துவிடும். பிளாக்ஹெட் உருவாவது இப்படித்தான். அதன் கறுப்பு நிறம் அழுக்கு இல்லை. அதனால் முகத்தைத் தேய் தேய் என்று தேய்த்தாலும் போகாது.

சிவப்பு எங்கிருந்து வருகிறது?

'கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ்' என்ற பாக்டீரியா எல்லாருடைய தோலிலும் உண்டு. பரு இல்லாதவர்களிடமும் இருக்கிறது. அடைபட்ட துளையில் காற்று குறைவு, எண்ணெய் நிறைய. அதற்கு வேறென்ன வேண்டும்?

அது அங்கே பெருகும்போது, உடலின் நோய் எதிர்ப்புச் செல்கள் "யாரோ நுழைந்துவிட்டார்கள்" என்று அலாரம் அடிக்கின்றன. இன்டர்லூக்கின்-1 போன்ற ரசாயனங்கள் வெளியாகின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதுதான் சிவப்பு. வெள்ளை அணுக்கள் திரண்டு வருகின்றன, சீழ் பிடிக்கிறது. அதாவது நம்மைப் படுத்துவது பாக்டீரியா மட்டுமல்ல, நம் உடம்பின் பதிலடியும்தான். பரு கண்ணில் படுவதற்கு முன்பே இந்த அழற்சி லேசாகத் தொடங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

கை சும்மா இருக்காதே!

பிதுக்கினால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நினைக்கிறோம். பல நேரம் துளையின் சுவர் உள்பக்கமாகக் கிழிந்து, எண்ணெயும் பாக்டீரியாவும் தோலின் ஆழத்துக்குள் கசியும். வீக்கம் இரண்டு மடங்காகும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு போன பிறகும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். சன்ஸ்கிரீன் போடச் சொல்வது அதனால்தான்.

வேறு என்ன தூண்டும்?

உராய்வு ஒரு காரணம். தேசிய சேவையில் தலைக்கவச வார் அழுத்தும் தாடையில் பரு வருவது அப்படித்தான். நெற்றியில் வழியும் தேங்காய் எண்ணெயும் துளைகளை அடைக்கலாம்.

உணவு? வடைக்கு எதிரான ஆதாரம் பலவீனம்தான். அம்மாவிடம் சொல்லலாம். ஆனால் பபிள் டீ போல ரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றும் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பு தெரிகிறது.

என்ன செய்யலாம்?

பென்சாயில் பெராக்சைட் பாக்டீரியாவைக் கொல்லும். அடாபலீன் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் 2 மாதமாவது பொறுமை வேண்டும். ஒரு வாரத்தில் "வேலை செய்யலை" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். ஆழத்தில் கட்டி கட்டியாக வலித்தால் மருத்துவரைப் பாருங்கள், தழும்பு விழும் முன்பே. அவர் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை தரலாம். கருவைக் கடுமையாகப் பாதிக்கக்கூடிய மருந்து அது. நண்பரிடம் மிச்சம் இருக்கிறதென்று வாங்கிச் சாப்பிட வேண்டாம்.