சிறிய காரின் எஞ்சினும் உடையவரின் உரிமையும்

1983ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மாருதி 800 விற்பனைக்கு வந்த நாள் முதலாக, மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய அந்தச் சிறிய பெட்ரோல் எஞ்சினும், அதன் வழியில் பின்னால் வந்த ஒரு லிட்டர் எஞ்சின்களும், நம் தேசத்து நடுத்தரக் குடும்பங்களின் நம்பிக்கைக்குப் பாத்திரமாகி வந்திருக்கின்றன. பெட்ரோலைக் குடிக்காது, எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம், எளிதில் மக்கர் செய்யாது என்ற நற்பெயர் அவற்றுக்கு நியாயமாகவே கிடைத்தது. ஆனால் கவனிக்காவிட்டாலும் வண்டி ஓடத்தான் செய்யும் என்ற அசிரத்தையை வளர்த்ததும் அந்த நற்பெயர்தான். எஞ்சின் கெட்ட பிறகு கம்பெனியிடமோ இன்ஷூரன்ஸ்காரரிடமோ நியாயம் கேட்கப் போகிறவர் கையில் ஒரு துண்டு ரசீதுகூட இல்லாமல் நிற்க நேர்வதும் அந்த அசிரத்தையின் தொடர்ச்சியே.

நகரத்தில் ஓடும் காருக்கு ஓடிய தூரம் மட்டும் கணக்கல்ல. வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் அங்கிருந்து கடைத்தெருவுக்குமாக இரண்டிரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் எஞ்சினில், ஆயில் முழுச் சூட்டை அடைவதற்குள் பிரயாணமே முடிந்துவிடுவதால், உள்ளே குளிர்ந்து படியும் ஈரமும் எரியாமல் வழியும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற அவகாசமின்றி ஆயிலோடு கலந்து, நாளடைவில் கரிய கசடாகத் திரண்டு, ஆயில் பாயும் நுண்ணிய துவாரங்களை அடைத்துவிடுகின்றன. சிக்னலில் நின்றபடி எஞ்சின் சுழலும் நேரமோ கிலோமீட்டர் கணக்கில் சேராமலே தேய்மானக் கணக்கில் சேர்கிறது. ஆகையினால்தான் கார்களின் கையேடுகள், 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றுக என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, நெரிசலிலும் புழுதியிலும் குறுந்தூரங்களிலும் ஓடும் வண்டிகளுக்கு இன்னும் குறுகிய தவணையைத் தனியாகக் குறிப்பிடுகின்றன. அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் சொற்பம்.

இந்த எஞ்சின்கள் கொள்வது சுமார் மூன்று லிட்டர் ஆயில்தான். ஒரு லிட்டர் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போயிற்று. வாரம் ஒரு முறை, காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன், சமதளத்தில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, மறுபடி அடிவரை செருகி எடுத்துப் பார்த்தால், இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஆயில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். அது மோர் போல வெளுத்திருந்தால் கூலன்ட் கலந்துவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாமல், அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுவது அவசியம். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் வழக்கமும் அனர்த்தமே: உப்புப் படிந்து குழாய்கள் அடைபட, சூடேறிய அலுமினிய ஹெட் கோணிக்கொள்ள, கேஸ்கெட் போய்விடும். டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் கையேடு சொல்லும் தவணையில் பெல்ட்டை மாற்றிவிட வேண்டும். அது அறுவதற்கு முன் சத்தம் கொடுக்கும் என்று காத்திருப்பதற்கில்லை.

பெட்ரோல் பங்கில் வாடிக்கையாளருக்குள்ள உரிமைகள் பலருக்குத் தெரியாமலே இருக்கின்றன. கலப்படம் என்று சந்தேகம் எழுந்தால் வடிதாள் சோதனை செய்து காட்டும்படி கேட்கலாம்; தாளில் விட்ட சொட்டு உலர்ந்தபின் கரும்பிசுக்குக் கறை நிற்கலாகாது. அடர்த்தியைப் பார்க்கச் சொல்லலாம். அளவில் ஐயமிருந்தால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். இவற்றை மறுக்க பங்க்காரருக்கு உரிமை கிடையாது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் சேர்க்கப்படுவதால், 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டிகளின் பெட்ரோல் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்வது உசிதம்.

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் வெள்ளத்தில் நேர்வது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் கண்ட சென்னைவாசிகளுக்கு இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை; ஆயினும், தண்ணீர் வடிந்த பிறகு வண்டி கிளம்புகிறதா என்று சாவியைத் திருப்பிப் பார்க்கும் அந்த ஒரு கணத்தில்தான் எஞ்சின் நாசமாகக்கூடும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. காற்று புகும் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிய நீர், காற்றைப் போல அமுங்கிக் கொடுக்காது. மேலேறும் பிஸ்டன் அதில் மோத, கனெக்டிங் ராடு வளைகிறது. சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி வெள்ளச் சேதத்தை ஏற்குமாயினும், நீர் புகுந்த எஞ்சினைக் கிளப்பியதால் உண்டான சேதத்தை, எஞ்சின் பாதுகாப்புக்கென்று கூடுதல் பிரீமியம் கட்டியிராவிட்டால், அது பின்விளைவுச் சேதம் என்று சொல்லிக் கம்பெனிகள் தள்ளிவிடுவது வழக்கம். ஆகவே சாவியைத் தொடாமல், நீர் ஏறிய மட்டம் தெரியும்படி படம் பிடித்துக்கொண்டு, கம்பெனிக்கு உடனே தகவல் தந்து, வண்டியை இழுவை மூலமே பட்டறைக்கு அனுப்ப வேண்டும். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் கம்பெனிக்கு முதலில் எழுத்து மூலம் முறையிட்டு, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

வாரண்டி விஷயத்தில் ஒரு தப்பபிப்பிராயம் பரவலாக இருக்கிறது. வெளி மெக்கானிக் கை வைத்தாலே வாரண்டி முழுவதும் போய்விடும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்லக் கேட்டிருப்போம். 14 கார் கம்பெனிகள் சம்பந்தப்பட்ட வழக்கில் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் தந்த தீர்ப்பு, அப்படி ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும், வெளியே செய்த பழுதுபார்ப்பின் குறைபாட்டால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கே அதை மறுக்கலாம் என்றும் கூறியது. அதற்காக அலட்சியமாக இருந்துவிடலாகாது. ஆயில் மாற்றியதற்குத் தேதியும் கிலோமீட்டரும் குறித்த பில் இல்லாதவருக்கு எந்தத் தீர்ப்பும் கைகொடுக்காது. வண்டியை விடும்போது எழுதும் ஜாப் கார்டில், "ஜெனரல் செக்கப்" என்று அவர்களாக எழுதிக்கொள்வதற்கு விடாமல், "மேடு ஏறும்போது எஞ்சினில் தட்டும் சத்தம்", "ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குறைகிறது" என்று குறையை உள்ளபடி எழுதச் செய்து, ஒரு பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். மூன்று தடவை இதே குறைக்காக வந்தேன் என்பதை நிரூபிக்க அந்தக் கார்டைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

குறை தீராவிட்டால் 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். அதில் பலனில்லையானால், தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது கட்டணம் கிடையாது. ஜீவனத்துக்காகச் சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே. வியாபார உபயோகம் என்று சொல்லி யாராவது மிரட்டினால் அவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் எஞ்சினில் உற்பத்திக் குறை இருப்பதாகச் சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பரிசோதித்தாலன்றித் தெரியாத குறையாயின், ஆணையம் தக்க சோதனைக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை பெறச் சட்டத்தில் இடமிருக்கிறது. எனவே எஞ்சினைப் பிரிக்கச் சம்மதம் தருமுன் படம் எடுத்துக்கொள்வதும், கழற்றிய பாகங்களைத் தம்மிடமே தரும்படி ஜாப் கார்டில் எழுதச் செய்வதும் முக்கியம். பழைய பிஸ்டனைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்ட பிறகு எந்தச் சோதனைக்கூடமும் எதையும் சொல்லிவிட முடியாது.

வழக்குத் தொடுக்கக் காலக்கெடு இரண்டு ஆண்டு; அது வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து எண்ணப்படும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரமுண்டு; ஆனால் அடுத்த மாதம் சரி செய்து தருகிறோம் என்று சர்வீஸ் மேலாளர் வாய்மொழியாகச் சொல்லி வருவதனால் மட்டும் அந்தக் கெடு நீண்டுவிடுவதில்லை.