வீதிச் சோதனையில் பயங்கரவாதி அகப்படுவானா?

வீதியில் பொலிஸார் கை காட்டினால் நம்மில் பலருக்கு நெஞ்சு 'திக்'கென்கிறது. பத்திரங்கள் எல்லாம் சரியாக இருந்தாலும், தொப்பியையும் தாடியையும் கண்டால் கேள்வி இரண்டு கூடும். "பாதுகாப்புக்குத்தானே" என்பார்கள். இப்படி மறிப்பதால் பயங்கரவாதி அகப்படுவானா?

அகப்பட்டதுண்டு. 1995 ஏப்ரல் 19 காலை, அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் அரச கட்டடமொன்று குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. 168 பேர் மாண்டனர். சந்தேகம் உடனே மத்திய கிழக்கின் பக்கம் திரும்பியது. ஆனால் ஒன்றரை மணித்தியாலம் செல்வதற்குள் நெடுஞ்சாலைப் பொலிஸ்காரர் ஒருவர், இலக்கத்தகடு இல்லாத காரொன்றை மறித்தார். சாரதியிடம் துப்பாக்கி இருந்ததால் கைதுசெய்தார். அந்தச் சாரதிதான் குண்டு வைத்த டிமோதி மெக்வே. அமெரிக்க இராணுவத்தின் முன்னாள் சிப்பாய். பொலிஸ்காரர் முகத்தைப் பார்த்து மறிக்கவில்லை, தகடு இல்லாததைப் பார்த்து மறித்தார். எனினும் உள்ளே இருப்பவன் யாரென்று தெரிந்தது, குண்டு லொறியின் பாகமொன்றிலிருந்த இலக்கத்தைப் பிடித்துப் புலனாய்வாளர் தேடிப்போனதால்தான்.

நழுவ விட்டதுமுண்டு. செப்டெம்பர் 11 தாக்குதலை முன்னின்று நடத்திய முஹம்மத் அத்தா, 2001 ஏப்ரலில் அனுமதிப்பத்திரம் இன்றி புளோரிடாவில் மறிக்கப்பட்டான். நீதிமன்றம் போகாததால் பிடியாணை பிறந்தது. ஜூலையில் வேறொரு பொலிஸ்காரர் அவனை மறித்தபோது, பிடியாணை இருப்பது அவருக்குத் தெரியவில்லை, எச்சரித்து அனுப்பிவிட்டார். தாக்குதலுக்கு இரண்டு நாள் முன்னர் ஸியாத் ஜர்ராஹும் மேரிலண்டில் வேகமாக ஓட்டியதற்காகத் தண்டச் சீட்டு வாங்கிக்கொண்டு போனான். மறித்தல் நடந்தது; தகவல்தான் வந்து சேரவில்லை.

சரி, காரணமே இல்லாமல் எல்லாரையும் மறித்தால்? பிரித்தானியாவில் பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் 2009/10இல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மறித்துச் சோதிக்கப்பட்டனர். பயங்கரவாதக் குற்றத்துக்காக ஒருவர்கூடக் கைதாகவில்லை. சந்தேகமின்றிச் சோதிக்கும் அந்த அதிகாரம் மனித உரிமை மீறலென ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது.

நம் நாட்டுப் பாடம் இன்னும் கசப்பானது. 2018 நவம்பரில் மட்டக்களப்பு வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரு பொலிஸார் கொல்லப்பட்டனர். பழக்கப்பட்ட சந்தேகத்தில் முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் உள்ளே போனார். செய்தது சஹ்ரானின் கூட்டமென்பது உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகே வெளியானது. ஓர் அப்பாவி மாதக்கணக்கில் அடைபட்டிருக்க, கொலையாளிகள் வெளியே நடமாடினார்கள்.

ஆகவே வீதிச் சோதனையே வேண்டாமென்று நாம் சொல்லத் தேவையில்லை. செய்த குற்றத்தைப் பார்த்து மறியுங்கள், கிடைத்த தகவலை ஒன்றோடொன்று கோத்துப் பாருங்கள் என்றே கேட்கிறோம். ஆளின் கோலத்தைப் பார்த்து மறித்தால் நமக்கு அவமானம். உண்மையான குற்றவாளிக்கோ அவகாசம்.