வீடு நகரவில்லை... நாடு மட்டும் மூன்று முறை மாறியது! தெரியுமா?

ருமேனியாவின் க்ளூஜ் நகரிலிருந்து ஏறக்குறைய 30 கி.மீ. போனால் போன்ட்சிடா. நம்மூர் ஊராட்சி மாதிரிதான். மொத்தமே நாலு கிராமம்! ருமேனியர், ஹங்கேரியர், ரோமா மக்கள் என்று எல்லோரும் கலந்து வாழும் இடம்.

1910-ல் இங்கே பிறந்த குழந்தை எந்த நாடு, சொல்லுங்கள்? ஹங்கேரி! 1920-ல் ட்ரியனான் ஒப்பந்தம். ருமேனியா! 1940 ஆகஸ்ட் 30, வியன்னா தீர்ப்பு. மறுபடி ஹங்கேரி! இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மறுபடி ருமேனியா! நாற்பது வயதுக்குள் மூன்று மாற்றம். வாசற்படி மட்டும் அதே இடத்தில்!

ஊர்ப் பெயரும் இரட்டைதான். ஒரு கிராமத்தை ருமேனியர் 'ரஸ்க்ருச்' என்பார்கள், ஹங்கேரியர் 'வாலஸூட்' என்பார்கள். ருமேனிய மொழி லத்தீனின் மகள், ஹங்கேரிய மொழி ஃபின்லாந்து மொழிக்குத் தூரத்துச் சொந்தம். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இரண்டு பெயருக்கும் அர்த்தம்? பாதைகள் பிரியும் இடம்! நம்ம பாஷையில் 'கூட்டுரோடு'!

ஈஸ்டர் எத்தனை முறை? பல வருஷம் இரண்டு! ஹங்கேரியச் சீர்திருத்த சபைக்கு ஒரு கணக்கு, ருமேனிய ஆர்த்தடாக்ஸ் சபைக்கு வேறு கணக்கு. 2024-ல் இடைவெளி ஐந்து வாரம்! 2025-ல் இரண்டும் ஒரே நாள்!

இந்த வட்டாரத்துக்குத் திரான்சில்வேனியா என்று பெயர். இங்கேதான் 'திரான்சில்வேனியாவின் வெர்சாய்' என்று, பிரான்சின் அரண்மனையோடு ஒப்பிட்டுப் பெயரெடுத்த பான்ஃபி மாளிகை. சொந்தக்காரர் மிக்லோஷ் பான்ஃபி லேசுப்பட்ட ஆளா? 1921-22-ல் ஹங்கேரியின் வெளியுறவு அமைச்சர்! நாவலாசிரியர்! 1917-ல் இசையமைப்பாளர் பார்டோக்கின் பாலே நாட்டியத்துக்கு மேடை அமைத்தவரும் இவரே! 1943-ல் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்ட் போய், 'ஹிட்லரை விட்டு நம் இரு நாடும் விலகுவோம்' என்று ரகசியமாகப் பேசிப் பார்த்தார். பலிக்கவில்லை. 1944-ல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை மாளிகையைச் சூறையாடித் தீ வைத்தது! அவருடைய மூன்று பாக நாவலை ஹங்கேரியில் மறுபதிப்பு செய்ய 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றால் நம்புவீர்களா?

வாலஸூட்டில் 1926-ல் பிறந்த கல்லோஷ் சோல்தான் வேறு ரகம். ஊர் ஊராக நடந்து ஆயிரக்கணக்கில் நாட்டுப்பாட்டு சேகரித்தார். ஹங்கேரியப் பாட்டோடு ருமேனியப் பாட்டையும் விடவில்லை! 91 வயது வரை வாழ்ந்தார்.

பக்கத்து ஊர் சேக்கில் பழைய ஹங்கேரிய வீடுகளில் 'சுத்தமான அறை' என்று ஒன்று உண்டு. பூ வரைந்த கட்டில். அதன்மேல் பூவேலைத் தலையணைகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரையைத் தொடுகிற மாதிரி. படுப்பது யார்? ஒருவரும் இல்லை! அது பார்க்க மட்டும்!

2001 முதல் பான்ஃபி மாளிகையின் இடிபாட்டிலேயே கல்வேலையும் தச்சும் கற்றுத் தருகிறார்கள். பழகிக்கொண்டே பழுது பார்க்கிறார்கள்! 2013 முதல் அதே வளாகத்தில் 'எலெக்ட்ரிக் காசில்' இசைவிழா. ஐந்து நாளில் வந்துபோகிறவர் கணக்கு? 2 லட்சத்துக்கும் மேல்!

அமைதியான கிராமம் பார்க்கலாமென்று ஜூலையில் கிளம்பினால், காது பத்திரம்!