உச்சிக்குடும்பனைக் கூப்பிடுவோமா?

இப்போதைய பிள்ளைகளுக்கு கார்ட்டூன் பொம்மைதான் உசிர். என் வயதுக்காரர்களுக்கு உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும்தான்! தோல்பாவைக் கூத்தில் வரும் கோமாளிகள் இவர்கள். என் சின்ன வயதில், அறுவடை முடிந்த கையோடு மார்க்கையன்கோட்டை மந்தையில் கூத்து நடக்கும்.

வெள்ளை வேட்டித் திரை, பின்னால் விளக்கு, ஆட்டுத் தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய ராமர், சீதை, அனுமார். ராமருக்கும் ராவணனுக்கும் சீதைக்கும் ஒரே ஆள்தான் குரல். கோமாளிகள் அடித்துக்கொண்டு உருளும்போது சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். 'பட்டாபிஷேகம் நடந்தா மழை பெய்யும்'னு அப்பத்தா சொல்லும்.

ஒருநாள் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மடியில் தூங்கும் குழந்தையோடு, கூத்துக்காரரின் மனைவி ஆர்மோனியம் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார். பகலெல்லாம் சமையல், ராத்திரி கூத்து. கைதட்டல் மட்டும் பொம்மைக்கு!

சினிமாவும் டி.வி.யும் வந்தபின் பல குடும்பங்கள் வேறு பிழைப்புக்குப் போய்விட்டன. வீட்டில் மராத்தி பேசும் இந்தக் கலைஞர்களில் சிலர் கன்னியாகுமரி, மதுரைப் பக்கம் இன்னும் ஆடுகிறார்கள். 2025-ல் கர்நாடகத்தின் தோல்பாவைக் கலைஞர் பீமவ்வாவுக்கு 96 வயதில் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். படித்ததும் மனசு குளிர்ந்தது.

திருவிழாவில் ஆடல் பாடலுக்கு எவ்வளவோ செலவழிக்கிறோம். ஒரு ராத்திரி பாவைக்கூத்து வைக்கச் சொல்லி, வீட்டு ஆம்பிளைங்க காதில் போட்டு வைப்போமா தோழிகளே? அப்படியே, பின்னால் பாடும் பெண்ணையும் மேடைக்கு அழைத்து ஒரு சேலை கொடுங்களேன்!

- ஒரு வாசகி, மார்க்கையன்கோட்டை.