தலை, கழுத்துப் புற்றுநோயின் பின் வரும் நிணநீர் வீக்கம்

நோய் நீங்கிய பின்னரும் துன்பம் நீங்காதிருத்தல் சில பிணிகளின் இயல்பு. வாயிலும் தொண்டையிலும் தோன்றும் புற்றுநோய் அத்தகையது. சத்திர சிகிச்சையாலும் கதிர்வீச்சாலும் நோய் ஒழிந்த பின், பலருக்கு முகமும் கழுத்தும் வீங்குகின்றன. இதனை நிணநீர் வீக்கம் என்பர்.

இலங்கை ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்னிற்கின்றது. மலைநாட்டுத் தோட்டங்களில் வெற்றிலை மெல்லும் வழக்கமும் மிகுதி. புகையிலை சேராத தாம்பூலமும் புற்றுநோயை விளைக்கும் என உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் உறுதி கூறிற்று. ஆதலின் கண்டி, கட்டுகஸ்தோட்டை வாழ்நருக்கு இப்பொருள் அயலானதன்று.

குருதியிலிருந்து கசியும் நீரின் ஒரு பகுதி, நுண்ணிய குழாய்கள் வழியே மீண்டும் குருதியைச் சேர்கின்றது. அதுவே நிணநீர். இடையிலுள்ள கணுக்கள் அதனை வடிகட்டுகின்றன. உடலின் நிணநீர்க் கணுக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தலை, கழுத்துப் பகுதியிலேயே உள்ளது. புற்றுநோய் அவற்றிற் பரவுமாதலால் சத்திர வைத்தியர் அவற்றை அகற்றுவர். கதிர்வீச்சோ எஞ்சிய குழாய்களைத் தழும்பாக்கி இறுக்கும். செல்வழி அடைபடவே நீர் தேங்குகின்றது. மகாவலியைப் பொல்கொல்லை அணை மறிப்பதால் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் நீர் தேங்கி நிற்பதைக் கண்டோர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

வீக்கம் புறத்தே மோவாயின் கீழும் கன்னத்திலும் தோன்றும்; அகத்தே நாவிலும் தொண்டையிலும் தோன்றும். அகவீக்கம் கண்ணுக்குப் புலனாகாது. ஆயினும் விழுங்குதலையும் பேச்சையும் இடர்ப்படுத்துவது அதுவே. அமெரிக்காவில் 81 நோயாளரை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஏறக்குறைய நால்வரில் மூவருக்கு இவ்வீக்கம் இருந்தமை தெரியவந்தது. படுத்துறங்கி எழும் காலையில் இது மிகுந்தும், நிமிர்ந்திருக்கும் பகலில் குறைந்தும் காணப்படும்.

இதனை முற்றாக ஒழித்தல் அரிது. அடக்கி ஆளுதல் இயலும். 1976இல் பொல்கொல்லை நீர் சுரங்க வழியே உக்குவெலைக்குத் திருப்பப்பட்டதுபோல, தேங்கிய நிணநீரையும் பழுதுறாத வேறு கணுக்களை நோக்கித் திருப்பலாம். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வொடர் 1930களில் வகுத்த மென்மையான வருடல் முறை இதற்கு உதவும். பயிற்சி பெற்றவரிடம் கற்ற பின் நோயாளர் தாமே அதனைச் செய்யலாம். தலையணையை உயர்த்திப் படுத்தல், கழுத்துக்கும் தாடைக்கும் பயிற்சி அளித்தல், தோலைக் காயமும் வெயிலும் தாக்காது காத்தல் என்பனவும் வேண்டப்படும். எண்ணெயிட்டு அழுத்தித் தேய்த்தலும் சூட்டு ஒத்தடமும் தீங்காகும்.

தோல் சிவந்து காய்ச்சல் காணின், அல்லது மூச்சு இரையின், உடனே வைத்தியசாலையை அடைதல் வேண்டும். புதிதாய்த் தோன்றும் கட்டியையும் வீக்கமென்று தாமே துணிதல் தகாது. நோய் மீண்டிருத்தலும் கூடும்.

உடற்றுன்பத்தினும் கொடியது ஒதுங்கி வாழும் துன்பம். மாறிய முகத்தையும் குழறும் சொல்லையும் கருதிப் பலர் விருந்துக்கும் கோயிலுக்கும் செல்வதைக் கைவிடுகின்றனர். அவருக்கு மெல்லிய உணவைத் தனியே ஆக்கி வைத்தலும், அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்துக் கேட்டலும் சுற்றத்தார் கடன். இவற்றிற்குப் பொருட்செலவு வேண்டா. அறிவும் அன்பும் அமையும்.